உடும்புப் பிடி – 14: ஆளுக்குப் பாதி

போன வாரம் வந்த கடிதங்களில் பாதி, கண் டாக்டரைத் திட்டி வந்தவை. "கண்ணைக் காட்டப் போன மனுஷருக்குக் கையில் என்ன ஆராய்ச்சி?" என்று ஒரு வாசகி கோபமாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த டாக்டர் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. மரியாதைக்குக் கை கொடுத்தார், அவ்வளவுதான். கொடுத்த கை திரும்ப வரவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சைக்கிள் கடைக்காரரை அந்தத் தெருவே 'உடும்பு' என்றுதான் கூப்பிடும். பிடித்தால் விடாத கை. அவரோடு கை குலுக்கியவர்கள் எல்லாரும் அவர் பாசத்தைப் பற்றிப் பேசுவார்கள். கையைப் பிடித்தபடியே எப்படி இருக்கீங்க, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, ராத்திரி தூக்கம் வருதா, உங்க பக்கம் மழை எப்படி என்று வரிசையாக விசாரித்து முடித்த பிறகுதான் விடுவார்.

ஐம்பது வயது ஆவதற்குள் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. முன்தலை வழுக்கை. மத்தியானம் ஆனால் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூக்கம். வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. புரைக்கு வெல்டிங் பொறி, வழுக்கைக்குத் தொப்பி, தூக்கத்துக்குச் சோம்பேறித்தனம். கடைசிக் காரணம் அம்மாவின், அதாவது அவர் மனைவியின், சொந்தக் கண்டுபிடிப்பு. கைக்கு மட்டும் யாரும் காரணம் தேடவில்லை. அது குடும்பப் பெருமை. அவருடைய அப்பாவுக்கும் அதே கைதானாம்.

கண் டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். நரம்பு டாக்டர் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். புரை, வழுக்கை, தூக்கம், கை எல்லாமே ஒரே நோய் என்று தெரிந்தது. மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி என்று அதற்குப் பெயர். இறுகிய தசை இளக நேரம் எடுக்கும், நாளாக ஆகப் பலமும் குறையும், இதயத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடும்பத்தில் வழிவழியாக வருவது. பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார்.

அந்தப் 'பாதி'யை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு. பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கும் அக்கா, பஸ் ஓட்டும் தம்பி. எதையும் இரண்டாகப் பங்கு போட்டே பழகிய வீடு அது. ஒரு பன் வந்தால் ஒருத்தர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். வெட்டுகிறவர் ஏமாற்ற முடியாது. எனவே அம்மா கணக்கில், பாதி என்றால் ஒரு பிள்ளைக்கு உண்டு, ஒரு பிள்ளைக்கு இல்லை.

"அப்போ அது என் பங்கு," என்று டாக்டர் முன்னாலேயே தம்பி கையைத் தூக்கிவிட்டான்.

அவன் சோதனைக்கு ரத்தம் கொடுக்கவில்லை. அக்கா கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்பது, போன வாரம் பஸ் டிப்போ வாசலில் அவள் தம்பியின் காதில் சொன்னதைக் கேட்ட உங்களுக்குத் தெரியும். அவளுக்கு மூன்று மாதம். கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் கணவனையும் தம்பியையும் தவிர யாருக்கும் தெரியாது. அவளுக்கு அந்த நோய் இருந்தால் வயிற்றில் இருப்பதற்கும் வரலாம். அதுவும் தாய் வழியாக வரும்போது சில சமயம் பிறக்கும்போதே கடுமையாக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சோதனை முடிவை இன்று சாயங்காலம் சொல்வார்கள்.

⁂

லேப் மேஜையில் யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசை பாதியில் நின்றது. ரோஸ் நிற மெழுகில் முன்பற்கள் நட்டாகிவிட்டது. கடைவாய்ப் பல் இன்னும் நடவில்லை. அக்கா மெழுகுக் கத்தியை எடுத்தாள், இறுக்கிப் பிடித்தாள், விட்டாள். மறுபடி பிடித்தாள், விட்டாள்.

காலையிலிருந்து இதே வேலைதான். கை உடனே விட்டுவிட்டால் நிம்மதி. ஒரு நொடி தாமதமானதாகத் தோன்றினால் மறுபடி பிடித்துப் பார்ப்பாள். இத்தனை தடவை பிடித்து விட்டால் யார் கைதான் வலிக்காது?

"நாலு கடைவாய்ப் பல் குடுக்கா. பார்சல்."

கதவருகில் தம்பி, காக்கிச் சட்டையில். கையில் தொங்கிய உறையில் பன் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். உறையை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். பைக்குள் விரல்கள் ஏதோ தாளம் போட்டன. சின்ன வயதிலிருந்தே எதையாவது தட்டிக்கொண்டே இருப்பவன்.

"வெட்டு. இன்னைக்கு உன் முறை," என்றாள் அக்கா.

"நீயே வெட்டு. எனக்குப் பசி, நான் முதல்ல எடுக்கணும்."

வெட்டினாள். கவனம் இல்லாததால் பன் கோணலாக வெட்டுப்பட்டது. அவன் சின்னத் துண்டை எடுத்துக்கொண்டான்.

"டேய், பெருசு அது."

"தெரியலக்கா. எனக்கும் புரை விழுந்துடுச்சு போல."

"அடிச்சேன்னா பாரு! இதுலயா விளையாடுவே?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாயங்காலம் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு. நான் இங்கிருந்து போயிடுவேன்."

"வர முடியாதுக்கா. ஷிஃப்ட் மாத்திட்டாங்க."

"பொய் சொல்றே."

"அப்பாவைக் கூட்டிட்டுப் போ. சும்மா கடையில தூங்குற மனுஷன், ஆஸ்பத்திரியில வந்து தூங்கட்டும்."

"அப்பாவுக்கு இது தெரியாதுடா," என்று வயிற்றைக் காட்டினாள்.

"தெரிஞ்சா என்ன? தலைகீழா நின்னு சந்தோஷப்படுவாரு."

"முடிவு வேற மாதிரி வந்தா?"

தம்பி பன்னைக் கீழே வைத்தான்.

"இங்க பாரு. முடிவை நான் இப்பவே சொல்றேன். உனக்கு இல்ல. எனக்குத்தான்."

"ஆமா, பெரிய ஜோசியரு!"

"ஆளுக்குப் பாதின்னா இந்தப் பாதி என்னுது. சின்ன வயசுல ஒரே குடை இருந்துச்சுல்ல? நீ குடையில போவே, நான் நனைஞ்சுட்டு வருவேன். அந்த மாதிரி வச்சுக்கோ."

"குடையைப் பிடுங்கிட்டு ஓடுனவன் நீ. நனைஞ்சது நான்."

"சரி, அந்தக் கடனைத் தீர்த்துட்டேன்னு வச்சுக்கோ."

இந்த இடத்தில் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயத்தில் பாதி, அவளைப் பற்றியதே இல்லை. தனக்கு இருக்கக் கூடாது என்று நினைக்கும் ஒவ்வொரு தடவையும், அது தம்பிக்கு இருக்கட்டும் என்று நினைத்ததாகத்தானே ஆகிறது? தோளில் தூக்கி வளர்த்தவனுக்கு எதிராக இப்படி மனசுக்குள் வேண்டிக்கொள்ளும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

"அழாதக்கா. மெழுகுல தண்ணி பட்டா பெரியவருக்குப் பல்லு ஆடும்," என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளங்கையில் வைத்திருந்த சின்னத் துண்டை வாசல் வரைக்கும் அவன் கடிக்கவே இல்லை.

⁂

உடும்பு கிளம்பும்போதே அம்மா வாசலில் நின்று எச்சரித்து அனுப்பினாள். "ஏங்க, அங்க போய்த் தூங்கி மானத்தை வாங்காதீங்க. அவ முடிவு கேக்கப் போறா. பக்கத்துல முழிச்சுக்கிட்டு உக்காருங்க, அது போதும்."

அவரும் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவி, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு கம்பீரமாகத்தான் புறப்பட்டார். பஸ்ஸில் ஒரே ஒரு இடம் இருந்தது. மகள் அவரை உட்கார வைத்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிப் போனார். கறுப்புக் கண்ணாடி இருந்ததால் மானம் தப்பியது.

ஆஸ்பத்திரியில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சு, பரம்பரை நோய்களைப் பற்றி விளக்கும் ஆலோசகர் அறைக்கு நேர் எதிரில். கண் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அந்தப் பக்கமாகப் போனவர், இவரை அடையாளம் கண்டு நின்றார். கை நீட்டினார். உடும்பு பிடித்தார். எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, ராத்திரி தூக்கம் வருதா, உங்க பக்கம் மழை எப்படி. நர்ஸ் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, முகம் மலர்ந்து போனார்.

"அப்பா, அவங்களை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"பேரு கூடத் தெரியாதும்மா."

"அப்புறம் எதுக்கு மழை வரைக்கும் விசாரிச்சீங்க? மழை பெஞ்சு எத்தனை மாசம் ஆச்சு!"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"கை விடலம்மா."

"என்னப்பா?"

"விடலம்மா. அது விடுற வரைக்கும் ஏதாவது பேசணும்ல? சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னா பொம்பளைங்க தப்பா நினைப்பாங்க, ஆம்பளைங்க சண்டைக்கு நிக்கிறான்னு நினைப்பாங்க. அதான் விசாரிக்கிறது. வீட்டைப் பத்திக் கேக்கும்போது கொஞ்சம் இளகும். தூக்கம் கேக்கும்போது பாதி விடும். குளிர் நாளா இருந்தா மழை வரைக்கும் போயாகணும். அதுக்கும் விடலைன்னா மறுபடி முதல்ல இருந்து."

அக்கா அப்பாவின் கையைப் பார்த்தாள். ஊரே மெச்சிய பாசம்!

"எப்ப இருந்துப்பா இப்படி?"

"உன் தம்பி வயசு இருக்கும்போதே. பிரேக்குல ஸ்பிரிங் போச்சுன்னா எப்படி? பிடிக்கும், விடாது. அந்த மாதிரிதான். முன்னாடியே பைக்குள்ள கையை விட்டு நாலு தடவை மடக்கி விரிச்சு வச்சுக்கிட்டா கொஞ்சம் பரவாயில்ல. திடீர்னு யாராவது கை நீட்டிட்டாங்கன்னா மாட்டிக்கிட்டேன்."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"உங்கம்மாவுக்கு முதல் தடவை கை குடுத்தப்போ மழை வரைக்கும் போயி, திரும்ப முதல்ல இருந்து வந்தேன். அதுக்குள்ள அவ சம்மதம் சொல்லிட்டா. அப்புறம் எதைச் சொல்ல?"

இருவரும் சிரித்தார்கள். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ உங்க பாசம் பூரா நடிப்பா?"

"ஆரம்பத்துல நடிப்புதான்," என்றார் உடும்பு. "ஆனா கேட்டா பதில் சொல்றாங்களேம்மா. பையனுக்குக் காய்ச்சல்ங்கிறாங்க, வீட்டுக்காரர் பேச மாட்டேங்கிறாருங்கிறாங்க. அடுத்த தடவை பாக்கும்போது காய்ச்சல் விட்டுச்சான்னு கேக்காம இருக்க முடியுமா? கேட்டுக் கேட்டு நெசமாவே பாசம் வந்துடுச்சு."

அக்காவுக்கு அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

⁂

ஆலோசகருக்கு அக்கா வயதுதான் இருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. நோயாளிகளைவிட அவர்களுடைய சொந்தக்காரர்களிடம் அதிகம் பேசிப் பழகிய குரல். உட்காரச் சொல்லிவிட்டு முதலில் ஒன்று கேட்டார்.

"அப்பா கூட இருக்கும்போதே எல்லாத்தையும் பேசலாமா? இல்ல, தனியாப் பேசலாமா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"பேசலாம். அப்பா... நான் மூணு மாசம்."

உடும்பு சட்டென்று எழுந்துவிட்டார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"இதை வயித்துல வச்சுக்கிட்டா பஸ்ல நின்னுக்கிட்டு வந்தே? நான் பாட்டுக்குத் தூங்குறேன்! ஒரு தட்டுத் தட்டி எழுப்பக் கூடாதா?"

"தட்டுனா மட்டும் எழுந்துடுவீங்களா?"

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். உடும்பின் கை தானாக மகளின் கையைத் தேடிப் பிடித்தது. இந்த முறை பையில் விட்டுப் பழக்கிக்கொள்ள அவருக்கு நேரம் இல்லை.

"ஒரு நிமிஷத்துல சொல்லிடுறேன்," என்றார் ஆலோசகர். "நம்ம உடம்புல ஒவ்வொரு குறிப்பும் ரெண்டு பிரதியா இருக்கு. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. அப்பாகிட்ட இருக்கிற ரெண்டுல ஒண்ணு சரியா இருக்கு. இன்னொண்ணுல ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. அதனாலதான் அவருக்கு இந்தத் தொந்தரவு. பிள்ளைக்கு அந்த ரெண்டுல ஒண்ணுதான் போகும். எது போகணும்னு அவரும் முடிவு பண்ண முடியாது, யாரும் முடிவு பண்ண முடியாது."

"அவளுக்கு எது போச்சு?" உடும்பு முன்னால் சாய்ந்தார். "நல்லது போச்சா?"

"நல்லதுதான் போயிருக்கு."

அக்கா நம்பாமல் ஆலோசகரையே பார்த்தாள்.

"உங்களுக்கு இந்த நோய் இல்லம்மா," என்று ஆலோசகர் அக்காவைப் பார்த்துத் தெளிவாக மறுபடி சொன்னார். "உங்ககிட்ட இல்லாததை உங்க பிள்ளைக்கு நீங்க குடுக்க முடியாது. உங்க வரைக்கும் இது இங்கேயே நின்னுடுச்சு."

அக்கா அழுதாள். பல நாளாக அழுத அழுகை இல்லை இது. இது நன்றாக இருந்தது. ஒரு கை அப்பாவிடம் மாட்டிக்கொண்டிருந்ததால், இன்னொரு கையால்தான் மூக்கைத் துடைத்துக்கொள்ள முடிந்தது. உடும்பும் இந்த முறை யாரையும் எதையும் விசாரிக்கவில்லை. கை விடும்போது விடட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவர் முகம் மாறியது. என்ன ஓடுகிறது என்று அக்காவுக்கும் தெரியும், ஏனென்றால் அவளுக்குள்ளும் அதே ஓடியது.

"அப்போ பையனுக்குத்தானா?" என்றார்.

"யாரு சொன்னா?"

"பாதின்னு டாக்டர் சொன்னாரே. ரெண்டு பிள்ளைங்க. ஒருத்தருக்கு இல்லைன்னா இன்னொருத்தருக்குத்தானே?"

ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது பங்கு பிரிக்கிற பாதி இல்லங்க. காசு சுண்டுற பாதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா சுண்டணும். பொண்ணுக்கு என்ன விழுந்துச்சுன்னு பையனுக்குச் சுண்டும்போது காசுக்கு ஞாபகம் இருக்காது. ரெண்டு பேருக்கும் வராமலும் இருக்கலாம், ரெண்டு பேருக்கும் வந்திருக்கவும் செய்யலாம். இவங்களுக்கு இல்லைங்கிறதால அவர் பக்கம் ஒரு துளியும் கூடல, குறையல."

உடும்பு யோசித்தார். "ஒரு வீட்ல ரெண்டு சைக்கிள். ஒண்ணு பங்க்சர் ஆகலைங்கிறதுக்காக இன்னொண்ணு பங்க்சர்னு அர்த்தம் இல்ல."

"அதேதான்."

"இத்தனை நாளா வீட்ல பன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தோமேம்மா!"

"சோதனை பண்ணிக்கிறதும் பண்ணிக்காததும் தம்பி இஷ்டம். யாரும் வற்புறுத்தாதீங்க," என்றார் ஆலோசகர். "ஆனா பஸ் ஓட்டுறவர்னு சொன்னீங்க. தூக்கம், இதயம் எல்லாம் சம்பந்தப்பட்ட விஷயம். தள்ளிப் போடாம முடிவு பண்ணா நல்லது."

வெளியே வந்ததும் உடும்பு சொன்னார், "உங்கம்மாவுக்கு நான் போய் விளக்குறேன். நீ நேரா டிப்போவுக்குப் போ. அவன் ஒருத்தனா எல்லாத்தையும் தலையில தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறான். இறக்கி வைக்கச் சொல்லு. ஆட்டோவுல போம்மா, பஸ்ல நிக்காதே!"

⁂

டிப்போவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒருவர் குழாயைப் பிடித்து பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற பஸ்ஸின் டிரைவர் இருக்கையில் தம்பி சும்மா உட்கார்ந்திருந்தான். சாவி போடவில்லை. சட்டைப் பொத்தான் இரண்டு திறந்திருந்தது.

"ஷிஃப்ட் மாத்திட்டாங்கன்னு சொன்னே?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "பயமா இருந்துச்சுக்கா. வந்து உக்காந்து கேக்குற தைரியம் இல்ல." படியில் நின்ற அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தான். "சொல்லு. சீக்கிரம் சொல்லித் தொலை."

"எனக்கு இல்லடா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். ஹாரன் ஒரு தடவை அலறியது. பஸ் கழுவிக்கொண்டிருந்தவர் திட்டினார்.

"நான் சொன்னேன்ல? என் பங்குன்னு சொன்னேன்ல?"

"அதுதான்டா இல்ல. கேளு. நாம போட்ட கணக்கே தப்பு." அக்கா அவசர அவசரமாகச் சொன்னாள். இரண்டு பிரதி, காசு சுண்டுவது, அப்பா சொன்ன இரண்டு சைக்கிள். "எனக்கு இல்லைங்கிறதால உனக்குன்னு ஆகாது. உனக்கும் இல்லாம இருக்கலாம். நீ எனக்காக எதையும் சுமக்க வேண்டாம்டா. புரியுதா?"

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்போ ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தர் தப்பிச்சாச்சுன்னு இல்லையா?"

"இல்ல."

"உனக்கும் இருந்திருக்கலாமா? எனக்கு என்ன ஆனாலும்?"

"இருந்திருக்கலாம். நல்லவேளையா இல்ல."

அவன் முகம் வெளுத்துப் போனது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. நல்ல செய்தியைத்தானே கொண்டு வந்திருக்கிறாள்? பிறகு அவன் தலையை உதறிக்கொண்டு எழுந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் நிறையத் தண்ணீர்.

"அதெல்லாம் கிடக்கட்டும். உனக்கு இல்லல்ல? குட்டிக்கு இல்லல்ல? கையைக் குடுக்கா!"

அவனே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். சின்ன வயதில் பந்தயத்தில் ஜெயித்தால் குலுக்குவானே, அதே மாதிரி.

"மாமாவுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. கப்பல்ல சிக்னல் கிடைக்கணும்."

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"எந்த வீட்லடா? அம்மா வீடுன்னா, காலையில நீயே அங்க இருந்துதானே வந்தே?"

"ஆமால்ல." சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் கோணியது. "ராத்திரி தூக்கமாவது வருதா உனக்கு?"

"இனிமே வரும்."

குழாய்த் தண்ணீர் பக்கத்து பஸ்ஸின் கண்ணாடியில் சடசடவென்று அடித்தது. தம்பி அந்தப் பக்கம் பார்த்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க பக்கம் மழை எப்படிக்கா?"

அக்காவின் வீடு டிப்போவுக்குப் பின்தெருவில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அவள் குனிந்து பார்த்தாள். தன் கையை மூடியிருந்த அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவை விடப் பார்த்தன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது. மற்றவை நிமிரவில்லை. காலையில் பைக்குள் போட்ட தாளம், வெட்ட மாட்டேன் என்று தள்ளிவிட்ட கத்தி, வாசல் வரைக்கும் கையிலேயே இருந்த பன் துண்டு, 'உனக்கு இல்ல, எனக்குத்தான்' என்று அடித்துச் சொன்ன குரல். இவன் ஜோசியம் சொல்லவில்லை. தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். தனக்கு வந்துவிட்டது, எனவே அக்கா தப்பித்தாள் என்று அந்தத் தப்புக் கணக்கை நம்பி, யாரிடமும் சொல்லாமல் சந்தோஷமாகவே சுமந்திருக்கிறான். அந்தச் சந்தோஷத்தையும் இப்போது அவளே வந்து பிடுங்கிவிட்டாள்.

அவள் கையை இழுக்கவில்லை. இன்னொரு கையையும் எடுத்து அவன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"நல்ல மழைடா," என்றாள் மெதுவாக. "ரெண்டு நாளா நல்ல மழை. தெரு பூராத் தண்ணி."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது.

"நனைஞ்சுட்டியாக்கா?"

"நனையாம? குடையைத்தான் நீ பிடுங்கிட்டு ஓடிட்டியே."

அவன் சிரித்துக்கொண்டே அழுதான். கை இன்னும் விடவில்லை.

"அவசரம் இல்ல," என்றாள் அக்கா. "மறுபடி முதல்ல இருந்து கேளு."